பின்பக்கம் திரும்பிய பீரங்கி

ஜூன் 8, ஞாயிறு

இன்று எனக்கு அநியாயம் நடந்தது. சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் இடது கையால் எழுதுவது. மார்ச் மாதம் வலது கையில் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. டாக்டர் அதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறார். அது அவருடைய தொழில்.

எங்கள் மேசைப்போர்க் கழகம் காந்திபுரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு பிங்பாங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, தெர்மோகோல் மலையும் நீல வண்ணம் பூசிய ஆறும் வைத்திருக்கிறோம். கட்டைவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் டாங்கிகள். அடி விழுந்ததா, எங்கே விழுந்தது என்பதைப் பகடை சொல்லும். பருவத்தின் கடைசி ஞாயிறன்று யாருடைய டாங்கி ஒன்றாவது மேசையில் நிற்கிறதோ அவருக்குத்தான் அடுத்த பருவத்தில் படை கிடைக்கும். மற்றவர்கள் ஒரு பருவம் வேடிக்கை பார்க்க வேண்டும். எனக்கு எழுபத்தொரு வயது. ஒருமுறை உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க விடமாட்டார்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டாங்கி. பாலத்தின் வாயில் நிற்கிறது. அக்கரையில் கோவர்த்தனனின் காலாட்படை. கோவர்த்தனன் மோட்டார் பம்ப் ஏஜென்சி வைத்திருந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன், பதினான்கு வருடமாக என் எதிரி. இன்று அவனுடைய குண்டு ஒன்று என் டாங்கியில் விழுந்தது. பகடை சொன்ன இடம்: பீரங்கி.

எங்கள் கழகத்தில் பீரங்கி சேதமானால் டரட்டை, அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூட்டை, பின்பக்கமாகத் திருப்பி வைப்பது வழக்கம். அடுத்த முறை வரும்போது அந்த டாங்கியை மேசையை விட்டு எடுத்துவிடுவார்கள். பதினான்கு வருடமாக எல்லோரும் அப்படியே எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

"பீரங்கிதான் போச்சு. பக்கத்துல ஒரு மெஷின் கன் இருக்குது, டிரைவர் பக்கம் இன்னொண்ணு இருக்குது. சுடறேன்" என்றேன்.

"நஞ்சுண்டண்ணா, குழலு பின்னாடி பாத்துட்டு நிக்குது. எங்காளுங்க முன்னாடி வர்றானுங்க. நீங்க யாரச் சுடப்போறீங்க, உங்க ஊட்டுச் சனத்தையா?" என்றான் கோவர்த்தனன். எல்லோரும் சிரித்தார்கள்.

நடுவர் பிரதீபா சிரிக்கவில்லை. வங்கியில் கிளை மேலாளர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவள். "அங்கிள், டரட் திரும்பி இருக்கு. அதுல இருக்கற கன் எப்பிடி முன்னாடி சுடும்?" என்றாள்.

"அது திரும்பலம்மா. நாம திருப்பி வெச்சிருக்கறோம். முதல் வருசம் சேதத்தக் காட்டறதுக்கு வில்லை வாங்கக் காசில்ல. அடையாளத்துக்குத் திருப்புனது. அது அடையாளம், நெசமில்ல."

விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது நான். அகராதியை வைத்துக்கொண்டு, என் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, இரண்டு வருடம். அட்டையில் என் பெயர் இல்லை. அதைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: பீரங்கி சேதமானால் பீரங்கி சுடாது. துணைத் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டாங்கியை எடுக்க வேண்டும் என்றும் இல்லை.

பிரதீபா யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: 29-ஆம் தேதி பொதுக்குழுவில் கழகம் முடிவு செய்யும். அதுவரை பாலத்தில் யாரும் நகரக்கூடாது. என் டாங்கியின் மேல் ஒரு வெங்காயக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். மற்ற முனைகளில் ஆட்டம் தொடர்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அடி விழுவதற்கு முன் என் வலது கை பட்டு அவனுடைய வீரர்கள் மூன்று பேர் சரிந்தார்கள். கோவர்த்தனன் எடுத்து நிறுத்தினான். முன்பு இருந்த இடத்திலிருந்து அரைச் சாண் பின்னால், எனக்குச் சாதகமாக, நிறுத்தினான். பார்க்காதது போல இருப்பேன் என்று நினைத்துவிட்டான். "முன்னாடி வை" என்றேன். வைத்தான்.

டீ குடிக்கும்போது சொன்னான்: "அடுத்த பருவத்துக்கு நீங்க கழக ஆலோசகரா இருந்துருங்ணா. நல்ல நாற்காலியாப் போட்டுத் தர்றோம். கைக்கும் சிரமமில்ல."

ஆக, விஷயம் இது.

ஜூன் 9, திங்கள்

கோபம் ஆறவில்லை. என் மனைவி ருக்குமணி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மேல் பொத்தானை நானே போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கை வைத்தியத்துக்கு வரும் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறாள். குழந்தை விளையாட்டு. எனக்கு ஒரு விதித் திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. பந்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். ருக்குமணி எடுத்து மேசையில் வைத்தாள். நான் மறுபடி அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் அது என் தலையணைக்குக் கீழே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மாநகராட்சிப் பூங்காவில் ஒரு பழைய டாங்கியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாகப் பேருந்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று டார்ச் விளக்கும் ஒரு முருங்கைக் குச்சியும் எடுத்துக்கொண்டு போனேன். ருக்குமணியிடம் நடைப்பயிற்சி என்று சொன்னேன். நடந்ததும் உண்மைதான்.

வேலிச் சங்கிலியைத் தாண்டி உள்ளே போய், ஒரு கால் வைத்து ஏறி, டரட்டின் முகத்தைப் பார்த்தேன். பீரங்கிக்கு வலப்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது. அதுதான் துணைத் துப்பாக்கிக்கு. குச்சியை விட்டேன். உள்ளே போயிற்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத முடியாது.

"ஏனுங் பெரியவரே! எறங்குங்க! குச்சிய உட்டு என்ன பண்றீங்க, அங்க ஓணானா இருக்குது?" காவலாளி ஓடி வந்தான்.

"இதுல மெஷின் கன் இருந்துச்சாப்பா?"

"எனக்கென்னுங்க தெரியும்? குருவி கூடு கட்டும். போன வருசம் ரெண்டு குஞ்சு. எறங்குங்க மொதல்ல, கீழ வுழுந்தா எங்கள வேலைய உட்டுத் தூக்கிருவாங்க."

இறங்க அவன்தான் கை கொடுத்தான். வலது கையை நீட்டச் சொன்னான். இடது கையை நீட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதவில்லை. எழுதாமல் விடுவது சரியல்ல.

பீரங்கியும் துணைத் துப்பாக்கியும் ஒரே இரும்புக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. பீரங்கி ஏறினால் கவசமும் ஏறும், துப்பாக்கியும் ஏறும். குறிபார்க்கும் கண்ணாடிக்கான ஓட்டையும் அதே கவசத்தில்தான். அப்படியானால், குண்டு குழலின் நுனியில் பட்டிருந்தால் துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை. கவசத்தில் பட்டுச் சிக்கிக்கொண்டால் துப்பாக்கியும் போச்சு. கண்ணாடி மட்டும் உடைந்தால் சுடலாம், குறி தப்பும்.

நான் சொன்னது முழுக்கச் சரியில்லை. அவர்கள் சொன்னதோ முழுக்கத் தப்பு. டிரைவர் பக்கத்து முன்துப்பாக்கி டரட்டிலேயே இல்லை. அதற்கும் பீரங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதைக் கோவர்த்தனனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று காலையில் தோன்றியது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுத ஆரம்பித்தேன். இப்போது அது இப்படி இருக்கிறது: பீரங்கி சேதமானாலும் டாங்கி களத்தில் நிற்கலாம். முன்துப்பாக்கி எப்போதும் சுடும். துணைத் துப்பாக்கிக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்று, இரண்டு விழுந்தால் அதுவும் போச்சு. மூன்று, நான்கு என்றால் பாதி வலு. ஐந்து, ஆறு என்றால் முழு வலு.

எனக்கே பாதகமாக வரக்கூடிய விதி. வரட்டும்.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவர்த்தனன் வந்தான். உள்ளே கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தான். ருக்குமணி உடனே காப்பியோடு வந்தாள். டிகாக்‌ஷன் முன்பே இறங்கியிருந்தது போல.

திருத்தத்தைப் படித்தான். "ஒத்துக்க மாட்டனுங்ணா" என்றான்.

"ஏன்?"

"சோதிச்சுப் பாத்தீங்களா? எழுதீட்டா ஆச்சா? பாலத்துல நூறு தடவ சண்டை போட்டா எத்தன தடவ தாங்கும்னு கணக்கு வேணும். ஆராச்சும் பொதுக்குழுவுல கேட்டா முழிப்பீங்க." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தம்ளரையும் பகடைகளையும் எடுத்தான். "உருட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

இடது கையால் எடுத்தேன்.

"ஆகாதுங்ணா. வலது கையில உருட்டுங்க. களத்துல வலது கையிலதான உருட்டுவீங்க? எடது கையில வேற மாரி வுழுவும்."

"எவன்டா சொன்னான்?"

"எல்லாத்துக்கும் தெரியும். நீங்க படிச்ச பொஸ்தகத்துல இல்லைன்னா நானா பொறுப்பு?"

இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் கேட்டதே இல்லை. பகடைக்கு எந்தக் கை என்று தெரியுமா? ஆனால் பொதுக்குழுவில் இதைச் சொல்லி என் திருத்தத்தைக் கவிழ்க்கக்கூடிய ஆள்தான் அவன். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. வலது கையால் தம்ளரைப் பிடித்தேன். இரண்டு முறை தரையில் விழுந்தது. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே குனிந்து எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி வந்தான். மறுபடி உருட்டினோம். அவன் காலாட்படை, நான் டாங்கி. சாப்பாட்டு மேசைதான் பாலம், ஊறுகாய் பாட்டில்தான் டாங்கி.

ஜூன் 19, வியாழன்

தம்ளர் வேண்டாம், விரலில் எடுத்து உருட்டினால்தான் கணக்குச் சரியாக வரும் என்கிறான். எந்தக் கணக்கு என்று கேட்டால் தம்ளரைப் பையில் போட்டுக்கொள்கிறான். சின்னப் பகடை வழுக்குகிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடுகின்றன. சந்தித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

நாற்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் ருக்குமணி என் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்று கதவோரம் நின்று, "இன்னைக்கு நேத்தைவிட அதிகமா உருட்டுனாரா?" என்று கோவர்த்தனனிடம் கேட்டாள். நல்ல விஷயத்தில் ஆர்வம் வருவதற்கு வயது ஒரு தடையில்லை என்று தெரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

கை வைத்தியப் பெண் வந்தாள். என் விரல்களை மடக்கிப் பார்த்து, "பந்து நல்லா வேலை செய்யுதுங்கய்யா" என்றாள். பந்து எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வாதாடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கழகத்துக்குப் போனேன். கூடை அப்படியே இருந்தது. யாரோ அதன் மேல் பேனாவால் கல்லறை என்று எழுதியிருந்தார்கள். எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன். அழியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அவனுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"எதுக்குங்ணா இத்தனை பாடு? ஆலோசகர்னா கெளரவம்தானுங்க. பக்கத்துல உக்காந்து நீங்க சொல்லுங்க, நாங்க நகத்தறோம்" என்றான்.

"எங்கையில இருக்கற பகடைய நீ உருட்டுவியா?"

"அன்னைக்கு ஆளுங்க சாஞ்சப்ப உங்க மொகத்தப் பாத்தேன். அதுக்காகத்தான் சொன்னேன். இனி ஒருக்கா அந்த மொகத்தப் பாக்க என்னால ஆகாது."

"பாக்காத. மேசையப் பாத்து விளையாடு. பீரங்கி போச்சுன்னா வண்டியையே தூக்கி வெளியே வெக்கறது உங்க வழக்கம். மிச்சம் என்ன இருக்குதுன்னு ஒருத்தனாவது எண்ணிப் பாத்தீங்களா?"

ருக்குமணி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்க டாங்கியப் பத்தித்தான் பேசறீங்களா?"

"வேற எதப் பத்தி?" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். தோசை கருகிய வாசனை வந்தது. கோவர்த்தனன் பகடையை என் பக்கம் தள்ளினான். "சரி, உருட்டுங்க."

ஜூன் 29, ஞாயிறு

பொதுக்குழு. திருத்தத்தை நானே படித்தேன். பூங்காவுக்குப் போனதையும், அங்கே பார்த்ததில் எது எனக்குச் சாதகம், எது பாதகம் என்பதையும் சொன்னேன். முருங்கைக் குச்சி என்றதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிரதீபா ஒரு டாங்கியைக் கையில் எடுத்து டரட்டை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நான் சேர்ந்து ஆறு வருசமாச்சுங்க அங்கிள். திருப்பி வெச்சதப் பாத்துப் பாத்து, அடி விழுந்தா டரட்டே அப்பிடித் திரும்பிக்கும்னுதான் நெனச்சிருந்தேன்."

"நீ மட்டுமில்லம்மா" என்றேன். பல பேர் தரையைப் பார்த்தார்கள்.

கோவர்த்தனன் எழுந்து எதிர்த்துப் பேசினான். பருவத்தின் நடுவில் விதியை மாற்றுவது தப்பு, நாளைக்கு ஆளாளுக்குக் குச்சியோடு கிளம்புவார்கள் என்றான். நல்ல வாதம். என் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லவே இல்லை, படுபாவி. இதற்காக ஒளித்து வைத்திருந்தான்.

கை தூக்கச் சொன்னார்கள். திருத்தம் நிறைவேறியது. கோவர்த்தனன் எதிராகத்தான் கை தூக்கினான். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மேல் இரக்கப்பட்டு ஒரு கை உயர்ந்திருந்தால் நான் மாடியை விட்டு இறங்கியிருப்பேன்.

பாலத்துக்கும் இந்த விதி உண்டு என்று பிரதீபா அறிவித்தாள். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம்.

ஜூலை 3, வியாழன்

மூன்று பொத்தான்கள்.

ஜூலை 6, ஞாயிறு

பிரதீபா கூடையை எடுத்தாள். கழகம் முழுவதும் பாலத்தைச் சுற்றி நின்றது. சன்னல் பக்கம் மின்விசிறி ஓடாததால் எல்லோருக்கும் வியர்வை.

"துணைத் துப்பாக்கிக்கு உருட்டுங்க அங்கிள்."

வலது கையில் எடுத்தேன். நழுவவில்லை. உருண்டு ஆற்றைத் தாண்டி மலையில் முட்டி நின்றது. ஒன்று.

நான் எழுதிய விதி, நான் கேட்டு வாங்கிய விதி, என் துப்பாக்கியைத்தான் முதலில் தின்றது.

"மறுக்கா உருட்டச் சொல்லலாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மலையில முட்டுச்சே."

"முட்டுனாலும் ஒண்ணு ஒண்ணுதான்" என்றேன். "முன்துப்பாக்கி இருக்குது. சுடறேன்."

கோவர்த்தனன் இரண்டு பிரிவுகளைப் பாலத்தில் ஏற்றினான். முதல் பிரிவின் மேல் சுட்டேன். ஐந்து. பாதிப் பேர் விழுந்தார்கள், மீதிப் பேர் திரும்பி ஓடினார்கள். இரண்டாவது பிரிவு என் டாங்கியை ஒட்டி வந்துவிட்டது. இனி அவன் ஐந்தோ ஆறோ போட்டால் டாங்கி வெடிக்கும், என் பருவமும் அதற்கு அடுத்த பருவமும் முடிந்துவிடும்.

"மன்னிச்சுக்குங்ணா" என்றான்.

"பேச்சு வேண்டாம். உருட்டு."

உருட்டினான். இரண்டு. நான் குனிந்து பார்த்தேன். பகடையைக் கையில் எடுத்தும் பார்த்தேன். இரண்டுதான். அவன் முகத்தில் ஏமாற்றம் நிஜமாகவே இருந்தது. அது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

பிரதீபா மணியை அடித்தாள். பருவம் முடிந்தது. பாலத்தில் பாதி அவனிடம், பாதி என்னிடம். என் டாங்கி மேசையில் நிற்கிறது.

"அடுத்த பருவம் நஞ்சுண்டன் அங்கிளுக்குப் படை உண்டு" என்று பிரதீபா சொன்னாள். "எந்தப் பக்கம் வேணுங்க?"

"கோவர்த்தனனுக்கு எதிர்ப்பக்கம்."

படி இறங்கும்போது அவன் என் பக்கத்தில் வந்தான், கை கொடுக்காமல். "அந்த நாற்காலி எனக்குத்தான் போல" என்றான்.

"உனக்கும் மலைப் பக்கம் டாங்கி நிக்குதல்ல? அழாத."

ஜூலை 7, திங்கள்

இந்தக் குறிப்பை வலது கையால் எழுதுகிறேன். இதற்கு மேல் சிறிதாக எழுத வராது. தாள் தீர்ந்தால் வேறு தாள்.

ஆறு மணி ஆயிற்று. இனி அவன் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. விதி நிறைவேறிவிட்டது, பருவம் முடிந்துவிட்டது. ருக்குமணி மூன்று பேருக்குக் காப்பி போட்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கேட் சத்தம் கேட்டது. கோவர்த்தனன் உள்ளே வராமல் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையில் பை இல்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க" என்றான். அவன் வீடு பீளமேட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் அவனுக்கு எதுவும் இல்லை.

டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையின் சேதத்துக்கான விதி எங்கள் புத்தகத்திலேயே மிகத் தெளிவான விதி. அதை நான்தான் தமிழில் எழுதினேன். அதில் ஒரு குறையும் கிடையாது.

"பட்டை விதியில ஒரு பெரிய ஓட்டை இருக்குதுடா" என்றேன். "சோதிச்சுப் பாக்கணும். உள்ள வா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.